காறிப்போகும் செல்கள்

புதூர் வட்டாரத்துக் கரிசலில் புரட்டாசி மழையை நம்பி விதைத்த பயிர் முழங்கால் உயரம் வருவதற்குள், சில காடுகளில் கொழுந்து வெளிறிப்போகும். நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். நரம்புக்கு நரம்பு இடைப்பட்ட இலை மஞ்சளாகி, முற்றினால் வெள்ளையாகவே ஆகிவிடும். சோளத்திலும் நிலக்கடலையிலும் இதைப் பார்க்கலாம். இரும்புச்சத்துக் குறை என்பார்கள். மண்ணில் இரும்பு இல்லாமலா? ஏராளமாக இருக்கிறது. ஆனால் கரிசல் சுண்ணாம்பு கலந்த, காரம் ஏறிய மண். அதில் இரும்பு கரையாத துருவாக இறுகிக் கிடக்கிறது, வேருக்கு வாய்ப்பதில்லை. அதனால் லிட்டர் தண்ணீருக்கு 5 முதல் 10 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து இலைமேல் தெளிக்கிறோம். சில நாளில் பச்சை திரும்பிவிடும்.

அன்னபேதி என்பது ஃபெரஸ் சல்பேட். சித்த வைத்தியர்கள் சோகைக்கு அன்னபேதிச் செந்தூரம் கொடுப்பார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கும் பள்ளிப் பெண்பிள்ளைகளுக்கும் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையிலும் பெரும்பாலும் இந்த உப்புதான்.

சில மாதங்களுக்கு முன் என் சித்தி மகள் ஃபோன் செய்தாள். அவள் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் வாராவாரம் அந்த மாத்திரை கொடுக்கிறார்கள். "அண்ணே, இரும்பு செல்லைக் கொல்லுதுன்னு, அதனாலதான் கிட்னி, மூளை எல்லாம் கெடுதுன்னு போட்டிருக்காகளே. புள்ளைக்கு மாத்திரை குடுக்கவா, வேண்டாமா?" என்று கேட்டாள். அவள் படித்தது பொய்யில்லை. இரும்பால் செல் சாவது ஆய்வுலகில் இன்று பெரிய துறையாக வளர்ந்து நிற்கிறது. அவளுக்கு அன்றைக்கு ஒரு வரியில் பதில் சொன்னேன். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருப்பதை எல்லாம் சொல்ல இந்தக் கட்டுரை.

செல்கள் சாவதில் ஒழுங்கு உண்டு என்பது 1972-ல் கெர், வைலி, கரி என்ற மூவர் எழுதிய கட்டுரையால் நிலைபெற்றது. வேலை முடிந்த செல் தானே சுருங்கி, துண்டுகளாகி, பக்கத்துச் செல்களுக்கு இரையாகிறது. இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் அதை அப்போப்டோசிஸ் என்றார்கள். அடுத்த பல ஆண்டுகளுக்குச் செல் சாவு என்றாலே பெரும்பாலும் இதுதான் என்று ஆய்வாளர்கள் நினைத்திருந்தார்கள்.

இதில் அடங்காத சாவுகளும் கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்தன. சிஸ்டின் என்ற அமினோ அமிலம் கொடுக்காவிட்டால் வளர்ப்புச் செல்கள் செத்துப்போகும் என்று 1950களிலேயே அமெரிக்காவின் ஹாரி ஈகிள் கண்டிருந்தார். அப்படிச் சாகும் செல்களுக்கு வைட்டமின் ஈ கொடுத்தால் பிழைக்கின்றன என்று 1977-ல் ஜப்பானின் பன்னாய் குழு காட்டியது. 1982-ல் இத்தாலியின் ஃபுல்வியோ உர்சினி, பன்றி ஈரலிலிருந்து ஒரு நொதியைப் பிரித்தெடுத்தார். சவ்வுக் கொழுப்பு கெடாமல் காப்பது அதன் வேலை. இன்று அதை ஜிபிஎக்ஸ்4 என்கிறோம். மூன்றும் ஒரே கதையின் துண்டுகள் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. 2003-ல் அமெரிக்காவின் பிரென்ட் ஸ்டாக்வெல் புற்றுநோய்ச் செல்லைக் கொல்லும் வேதிப்பொருட்களைத் தேடிப்போய், எராஸ்டின் என்ற ஒன்றைப் பிடித்தார். அது கொன்ற செல்களில் அப்போப்டோசிஸின் அடையாளம் ஏதும் இல்லை. இரும்பைக் கட்டிப்போடும் மருந்தைச் சேர்த்தால் செல்கள் சாகவில்லை. 2012-ல் ஸ்காட் டிக்ஸனும் ஸ்டாக்வெலும் சகாக்களும் இந்தச் சாவுக்கு ஃபெரொப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். இரும்புக்கு லத்தீனில் ஃபெர்ரம்.

என்னதான் நடக்கிறது அந்தச் செல்லுக்குள்? கோவில்பட்டிக்காரர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் கடலை மிட்டாய்க்கு மிகப்பெரிய எதிரி எது? காறல். கடலை பழசாகி, காற்றும் வெளிச்சமும் பட்டுக் கிடந்தால் அதன் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். துருப்பிடித்த தகர டப்பாவில் எண்ணெய் சீக்கிரம் காறும். அந்தக் காறலேதான் உயிருள்ள செல்லின் சவ்விலும் நடக்கிறது. உவமைக்காகச் சொல்லவில்லை, வேதியியல் ஒன்றேதான். நம் ஒவ்வொரு செல்லையும் சுற்றி இருப்பது மெல்லிய கொழுப்புச் சவ்வு. அதில் இரட்டைப் பிணைப்பு பல கொண்ட கொழுப்பு அமிலங்கள் இருக்கின்றன. சவ்வு இளகி அசைந்து வேலை செய்ய அவை தேவை. ஆக்சிஜன் எளிதில் பற்றுவதும் அவற்றைத்தான். பற்றிய இடத்தில் கொழுப்புப் பெராக்சைடு உருவாகிறது. அது மட்டும் என்றால் செல் சமாளித்துக்கொள்ளும். பக்கத்தில் கட்டுக்குள் அடங்காத உதிரி இரும்பு இருந்தால் நிலைமை வேறு. 1894-ல் ஹென்றி ஃபென்டன் விவரித்த வினையைப் போல, இரும்பு அந்தப் பெராக்சைடை உடைத்துத் தீவிர மூலக்கூறுகளாக்குகிறது. ஒன்று அடுத்த கொழுப்பைத் தாக்க, அது அதற்கடுத்ததைத் தாக்கும். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், அடுக்கிய குச்சிகளில் ஒன்று பற்றினால் என்ன ஆகும் என்று. கடைசியில் சவ்வு கிழிந்து, உள்ளிருப்பது வெளியே கொட்டிவிடும்.

இத்தனை ஆபத்து இருந்தும் நாம் நன்றாகத்தான் இருக்கிறோம். காவல் அவ்வளவு பலமானது. முதல் காவலாளி ஜிபிஎக்ஸ்4. பெராக்சைடு உருவான கையோடு அதைத் தீங்கில்லாத ஆல்கஹாலாக மாற்றிவிடும். அதற்குச் செலினியம் என்ற தாதுவும் குளுட்டதையோன் என்ற பொருளும் வேண்டும். குளுட்டதையோன் செய்யச் சிஸ்டின் வேண்டும். எராஸ்டின் அடைத்தது அந்தச் சிஸ்டின் நுழையும் வாசலைத்தான். ஈகிள் பார்த்ததன் பொருள் இத்தனை காலம் கழித்து விளங்கியது. இரண்டாவது காவல் வைட்டமின் ஈ, சவ்வுக்குள்ளேயே உட்கார்ந்து சங்கிலியை அறுப்பது. 2019-ல் எஃப்எஸ்பி1 என்ற இன்னொரு புரதமும், 2022-ல் வைட்டமின் கே-யின் ஒரு வடிவமும் இந்தக் காவலில் சேர்ந்தவை என்று தெரியவந்தது. இவற்றுக்கெல்லாம் முந்திய காவல் ஒன்று உண்டு. இரும்பை உதிரியாக விடாமல் ஃபெரிட்டின் என்ற புரதக் குதிருக்குள் போட்டுப் பூட்டி வைப்பது. ஒரு குதிருக்குள் 4,500 இரும்பணுக்கள் வரை கொள்ளும்.

நோய்களுக்குள் போகுமுன் உடலின் இரும்புக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். வளர்ந்த மனிதருக்கு மொத்தம் 3 முதல் 4 கிராம், மூன்றில் இரண்டு பங்கு ரத்தச் சிவப்பணுக்களில். பழைய சிவப்பணுக்களை உடைத்து நாளுக்கு 20 முதல் 25 மில்லிகிராம் மீட்டெடுத்துக்கொள்கிறோம். உணவிலிருந்து ஏறுவது 1 முதல் 2 மில்லிகிராம்தான். மிஞ்சிய இரும்பை வெளியே தள்ள உடலுக்கு வழியே கிடையாது. எனவே வாசலில்தான் கட்டுப்பாடு. ஈரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன்தான் வாசல்காரன். அது ஏறினால் குடலும் இரும்பை உள்ளே விடாது, சேமிப்பும் வெளியே வராது.

ஃபெரொப்டோசிஸ் ஆய்வு மிக அழுத்தமாகப் பேசும் உறுப்பு சிறுநீரகம். 2014-ல் ஜெர்மனியில் மார்கஸ் கான்ராட் குழுவினர் வளர்ந்த எலிகளில் ஜிபிஎக்ஸ்4 மரபணுவை நீக்கிப் பார்த்தார்கள். சில வாரங்களுக்குள் எலிகள் இறந்தன, காரணம் சிறுநீரகச் செயலிழப்பு. உடம்பெங்கும் காவலாளியை நீக்கியதும் முதலில் விழுந்த உறுப்பு இதுதான். அதே ஆண்டில் ஆண்ட்ரியாஸ் லிங்கர்மான் குழு, சிறுநீரக நுண்குழாய்களின் செல்கள் தனித்தனியாக அன்றி ஒரு நீளமாகச் சேர்ந்தே சாவதைக் காட்டியது. தீக்குச்சி அடுக்கு மறுபடியும் நினைவுக்கு வருகிறது. நுண்குழாய்ச் செல்கள் ஓயாமல் உழைப்பவை, ஆக்சிஜனை நிறைய எரிப்பவை. ரத்த ஓட்டம் நின்று திரும்பும்போது அவை அடிபடுகின்றன. அடி ஆறாமல் திரும்பத் திரும்பப் பட்டால் அந்த இடத்தில் தழும்புத் திசு வளர்ந்து, வடிகட்டும் திறன் போய்விடும். தீவிரப் பாதிப்பு நாள்பட்ட நோயாக மாறும் பாதை இது.

நம் பக்கத்துக்கு இது வெறும் எலிக்கதை இல்லை. தமிழ்நாட்டு விவசாயத் தொழிலாளர்களிடம் சென்னை மருத்துவக் கல்லூரியின் சிறுநீரகவியல் துறையினர் 2023-ல் பரிசோதனை நடத்தினார்கள். நூற்றுக்கு ஐந்துக்குச் சற்று மேற்பட்டோருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குச் சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ வேறு தெரிந்த காரணமோ இல்லை. ஆந்திரத்தின் உத்தானத்திலும் இலங்கையின் அனுராதபுரத்திலும் பல ஆண்டுகளாகப் பேசப்படும் அதே காரணமறியா நோய். வெயிலில் நெடுநேரம் உழைப்பது, தண்ணீர் குடிக்காமல் இருப்பது ஆகியவை மீது சந்தேகம் வலுவாக விழுந்திருக்கிறது. கடும் வெயிலில் மிதமிஞ்சி உழைத்துத் தசை நைந்தால் தசையிலுள்ள மயோகுளோபின் ரத்தத்தில் கலக்கும். மயோகுளோபினுக்குள் இரும்பு இருக்கிறது. அது சிறுநீரக நுண்குழாயில் போய் நின்று கொழுப்பைக் காறவைக்கும் என்பது ஃபெரொப்டோசிஸ் என்ற பெயர் பிறப்பதற்கு முன்பே தெரிந்த செய்தி. கண்ணாடி விரியன் கடித்தவர்களுக்குச் சிறுநீரகம் போவதிலும், சிதைந்த சிவப்பணுக்களிலிருந்து கொட்டும் ஹீமோகுளோபினுக்குப் பங்கு உண்டு. மிளகாய்க் காட்டிலும் கரிமூட்டத்திலும் நாள் முழுக்க நிற்பவர்களின் சிறுநீரகத்தில் தினந்தினம் சின்ன அளவில் இது நடக்கிறதா என்பது இன்னும் நிரூபிக்கப்படாத கேள்வி. கேட்கவேண்டிய கேள்வி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இரும்பு மிகுந்தால் உறுப்புகள் கெடும் என்பதற்கு மனிதர்களிடமே ஐயமறக் கிடைத்திருக்கும் சான்று தலசீமியா. பிறவியிலேயே ஹீமோகுளோபின் குறைந்து, இந்த நோயால் கடுமையாகப் பாதிக்கப்பட்ட பிள்ளைகள் மாதாமாதம் ரத்தம் ஏற்றித்தான் வாழ்கிறார்கள். ஒரு பை ரத்தத்தில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு. வெளியேற வழியில்லாத அந்த இரும்பு ஈரலிலும் கணையத்திலும் இதயத்திலும் படிகிறது. இரும்பைக் கட்டி வெளியேற்றும் மருந்துகள் வருவதற்கு முன்னால் இவர்களில் பெரும்பாலோர் இளவயதிலேயே இதயம் செயலிழந்து இறந்தார்கள். மருந்துகள் அந்தக் கதையை மாற்றின. புற்றுநோய் மருந்தான டாக்ஸோரூபிசின் இதயத்தைக் கெடுப்பதில் ஃபெரொப்டோசிஸ் இருப்பதை 2019-ல் சீன ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினார்கள். அந்தக் கேட்டைத் தடுக்க மருத்துவர்கள் முன்பே பயன்படுத்திவந்த டெக்ஸ்ரசோக்சேனும் இரும்பைக் கட்டும் மருந்துதான்.

அப்படியானால் இரும்பை எடுத்துவிட்டால் எல்லா நோயும் தீருமா? தீராது என்பதைத்தான் மனிதர்களிடம் நடந்த பெரிய பரிசோதனைகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. பல ஆய்வாளர்கள் வேகமாகத் தாண்டிப்போகும் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன்.

நடுக்குவாத நோயில், அதாவது பார்க்கின்சனில், மூளையின் கருந்திட்டுப் பகுதியில் இரும்பு கூடியிருப்பது பல பத்தாண்டுகளாகத் தெரியும். அங்கே செல்கள் ஃபெரொப்டோசிஸால் சாகின்றன என்பதற்கு ஆய்வகச் சான்றுகள் குவிந்தன. ஐரோப்பாவில் புதிதாக நோய் கண்ட 372 பேரிடம் டெஃபெரிப்ரோன் என்ற இரும்பு நீக்கும் மருந்தை 36 வாரம் சோதித்தார்கள். முடிவு 2022-ல் வந்தது. மூளையில் இரும்பு குறைந்தது ஸ்கேனில் தெரிந்தது. நோயாளிகளின் நிலையோ மருந்தில்லாதவர்களைவிட மோசமானது. டோபமைன் செய்யும் நொதிக்கும் இரும்பு வேண்டும் என்பது அதற்கு முக்கியமான விளக்கம். களையைப் பிடுங்கும்போது பயிரையும் சேர்த்துப் பிடுங்கியதுபோல் ஆகிவிட்டது.

ரத்தக்குழாய் நோயிலும் இப்படித்தான். மாதவிடாய் உள்ள பெண்களுக்கு மாரடைப்பு குறைவு, காரணம் இரும்புக் குறைவாக இருக்கலாம் என்று 1981-ல் ஜெரோம் சல்லிவன் எழுதினார். அழகான கருத்து. கால் ரத்தக்குழாய் அடைப்புள்ள 1,277 பேரிடம் அவ்வப்போது ரத்தம் எடுத்து இரும்பைக் குறைத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2007-ல் வெளிவந்தது. மொத்த இறப்பில் குறிப்பிடும்படி வேறுபாடு இல்லை. காவலாளியைப் பலப்படுத்தலாம் என்று வைட்டமின் ஈ மாத்திரை கொடுத்ததும் பெரும்பாலும் வீணானது. 2011-ல் வந்த செலெக்ட் ஆய்வில் அந்த மாத்திரை எடுத்த ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 விழுக்காடு கூடியது. சர்க்கரை நோய் இல்லாத கொழுப்பு ஈரல்காரர்களிடம் மட்டும் 2010-ல் ஒரு ஆய்வு நல்ல பலன் காட்டியது. இன்னொரு பக்கம், இதயம் பலவீனமானவர்களில் இரும்பு குறைந்தோருக்கு ஊசி வழியாக இரும்பு ஏற்றினால் அவர்கள் தெம்படைகிறார்கள். எந்த உறுப்பில் இரும்பு கேடு செய்கிறது என்று சொன்னோமோ அதே உறுப்புக்கு அது மருந்தும் ஆகிறது.

சர்க்கரை நோயைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 14.4 பேருக்கு உண்டு. இன்சுலின் சுரக்கும் செல்களுக்குக் காறலைத் தடுக்கும் ஆற்றல் குறைவு. இரும்பு படிந்து கணையம் கெட்டவர்களின் நோயை முற்கால மருத்துவர்கள் வெண்கலச் சர்க்கரை நோய் என்றே அழைத்தார்கள். ரத்தத்தில் ஃபெரிட்டின் கூடியவர்களுக்குச் சர்க்கரை அதிகம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அழற்சி இருந்தாலும் ஈரலில் கொழுப்பு படிந்தாலும் ஃபெரிட்டின் ஏறிக் காட்டும். எது முந்தி, எது பிந்தி என்று பிரித்துச் சொல்வது கடினம். புற்றுநோயில் எல்லாம் தலைகீழ். அங்கே ஃபெரொப்டோசிஸைத் தூண்டுவதுதான் நோக்கம். மற்ற மருந்துகளுக்கு மசியாத சில புற்றுச் செல்கள் இதற்கு எளிதில் இரையாகின்றன. நல்ல நம்பிக்கை தருகிற வழி என்றாலும் நோயாளிக்கு மருந்தாக வந்துசேர இன்னும் தூரம் இருக்கிறது.

இதையெல்லாம் வரிசையாகப் படித்தபின் எனக்குள் தங்கியது ஒன்றுதான். எவ்வளவு இரும்பு என்ற கேள்வியைவிட எங்கே, எப்படிக் கட்டுண்டிருக்கிறது என்ற கேள்வி பெரியது. நாள்பட்ட சிறுநீரக நோயாளியைப் பாருங்கள். உடம்பில் அழற்சி இருப்பதால் ஹெப்சிடின் ஏறி, ஈரலில் இரும்பு பூட்டிக் கிடக்கிறது. எலும்பு மஜ்ஜைக்கோ இரும்பு கிடைக்காமல் ரத்தசோகை. ஒரே ஆளுக்கு மிகையும் குறையும் ஒன்றாக. சுண்ணாம்புக் கரிசலில் வெளிறி நிற்கும் சோளப்பயிரின் நிலைதான் அது.

இனி மாத்திரைக்கு வருவோம். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கும் ரத்தசோகை. இதில் எவ்வளவு உண்மையில் இரும்புக் குறையால் வந்தது என்று பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் அனுரா குர்பாட் போன்றோர் விடாமல் கேட்டுவருகிறார்கள். மாத்திரை, செறிவூட்டிய அரிசி, செறிவூட்டிய உப்பு என்று ஒருவர் மேலேயே அடுக்கடுக்காக இரும்பை ஏற்றுவது சரியா என்பது அவர்கள் கவலை. நியாயமான கவலை. பி12, ஃபோலேட் குறைபாடும் தொற்றும் ரத்தசோகை தரும். அவற்றுக்கு இரும்பு மருந்தாகாது. ஆனால் ரேஷன் அரிசியைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. நூறு அரிசிக்கு ஒன்று வீதம் கலக்கும் அந்தச் செறிவூட்டிய மணியைப் பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறிகிறவர்கள் நம் ஊரில் உண்டு. விதிப்படி ஒரு கிலோ அரிசிக்குச் சேர்க்கப்படும் இரும்பு 28 முதல் 42.5 மில்லிகிராம். குடலின் வாசல்காரன் நன்றாக இருக்கும் உடலில் அது ஃபெரிட்டின் குதிர்களை நிரப்பி வழியச் செய்யாது. தலசீமியா உள்ளவர்களின் கதை வேறு, அவர்கள் மருத்துவரைக் கேட்டே ஆகவேண்டும்.

குறை உள்ளவருக்கு மாத்திரை தேவை, அதில் விவாதமில்லை. குறைமாதப் பிரசவமும் எடை குறைந்த குழந்தையும் பிள்ளைப்பேற்றின் ரத்தப்போக்கில் தாய் சாவதும் கண்முன் நடக்கும் கேடுகள். ஆய்வகத் தட்டில் ஃபெரொப்டோசிஸ் தூண்டப்பட்ட செல்லின் நிலையும், நாளுக்கு 60 மில்லிகிராம் மாத்திரை விழுங்கும் சோகைக்காரப் பெண்ணின் உடல்நிலையும் ஒன்றில்லை. அவள் உடலில் ஏறும் இரும்பு உதிரியாகத் திரிவதில்லை. மஜ்ஜை அதை உடனே பிடித்துச் சிவப்பணு ஆக்கிவிடும். விழுங்கியதில் பெரும்பகுதி ஏறாமல் குடலோடு போவதால்தான் வயிறு எரிகிறது, மலம் கறுக்கிறது. மாத்திரையோடு டீ, காபி குடிக்காமல் எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் கூடுதலாக ஏறும். ஒருநாள் மாத்திரை எடுத்தால் மறுநாள் வரை ஹெப்சிடின் ஏறி நின்று உறிஞ்சலைக் குறைக்கிறது, ஆகவே ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தால் ஒரு மாத்திரைக்கு ஏறும் பங்கு கூடும் என்று சூரிச் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கர்ப்பிணிகள் இதைத் தாங்களாக மாற்றிக்கொள்ள வேண்டாம். செவிலியர் சொன்னபடியே தினமும் எடுக்கட்டும்.

சித்தி மகளிடம் அன்று சொன்னது, "கொடு தாயி, நிறுத்தாதே." இப்போது அதோடு சேர்த்துச் சொல்வது இது. மாத்திரையை ஒழுங்காக விழுங்கியும் மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால், இன்னும் நான்கு அட்டை வாங்கி வராதீர்கள். அரசு மருத்துவமனைக்குப் போய் ஃபெரிட்டின் பாருங்கள், பி12 பாருங்கள், தலசீமியாப் பரிசோதனை கேளுங்கள். காட்டு வேலைக்குப் போகிற வீட்டில் இருப்பவர்கள் கிரியேட்டினினும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெயிலுக்குக் கிளம்பும்போது தண்ணீர்க் குடத்தை நிழலில் வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள், தாகம் எடுக்குமுன்பே குடியுங்கள்.